ஒரே இரண்டு நகரம், எத்தனை தூரம்? எத்தனை நேரம்?

கேள்வி இதுதான்: ரோமிலிருந்து மிலானுக்கு ஓரிடத்தில் 477 கிலோமீட்டர் என்கிறார்கள், இன்னோரிடத்தில் 575 என்கிறார்கள். விமான நேரம் ஒன்றில் 35 நிமிடம், மற்றொன்றில் ஒன்றேகால் மணி. எது சரி? காரில் போவதா, விமானத்தில் போவதா?

நான்கு எண்ணுமே சரிதான். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இந்தக் குழப்பத்தால் விமானத்தைத் தவறவிட்டவர்களையும், மாலை போய்ச் சேரலாம் என்று நம்பி நள்ளிரவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 477. இது நேர்கோட்டுத் தூரம், வான்வழித் தூரம் என்றும் சொல்வார்கள். பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய வழி. யாரும் அளந்து பார்த்துச் சொன்ன எண் அல்ல, கணக்குப் போட்டு வந்தது. நீங்களே போட்டுவிடலாம். ரோம் ஏறத்தாழ 41.9 பாகை வடக்கு, 12.5 பாகை கிழக்கு. மிலான் 45.46 வடக்கு, 9.19 கிழக்கு. வடக்கு தெற்காக ஒரு பாகை என்பது எங்கே இருந்தாலும் சுமார் 111 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் அட்சரேகை வித்தியாசம் 3.56 பாகை, ஆக 395 கிலோமீட்டர். கிழக்கு மேற்கில்தான் ஒரு விஷயம் உண்டு. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், 111ஐ அந்த இடத்து அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். நடு அட்சரேகை 43.7 பாகை, அதன் கோசைன் 0.723. வித்தியாசம் 3.31 பாகை. பெருக்கினால் சுமார் 266 கிலோமீட்டர். இனி பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்: 395ஐயும் 266ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 476 வரும். ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். சில நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த முறை போதும்.

தூரம் ஆயிரங்களில் போனால் இது உதவாது, பூமியின் வளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 6,371 கிலோமீட்டர் சராசரி ஆரம் கொண்ட உருண்டை என்று வைத்துக்கொண்டு கோள முக்கோணவியலில் கணக்குப் போடுவார்கள். பூமி முழு உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இதனால் அரை சதவீதம் வரை பிசகும். இரண்டு இணையப் பக்கங்கள் ஒரே ஜோடி நகரத்துக்கு 5,540, 5,555 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஒருவர் உருண்டையை எடுத்திருப்பார், மற்றவர் தட்டையான உருண்டையை எடுத்திருப்பார். அல்லது தொடங்கும் புள்ளியே வேறாக இருக்கும்.

இந்தத் தொடங்கும் புள்ளியைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு நகரம் என்பது ஒரு புள்ளியா? லண்டனுக்கான தூரம் வழக்கமாகச் சேரிங் கிராஸில் இருந்து அளக்கப்படுகிறது. பாரிஸுக்கு நோத்ர தாம் தேவாலயத்தின் முன்னால் பதித்திருக்கும் தகடு, மாட்ரிட்டுக்குப் புவேர்த்தா தெல் சோல் சதுக்கம், டோக்கியோவுக்கு நிஹோன்பாஷி பாலம். விமானத் தூரமோ நகர மையத்தைக் கண்டுகொள்வதே இல்லை, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குத்தான். ரோமின் ஃபியுமிச்சீனோவிலிருந்து மிலானின் லினாத்தே நிலையம் சுமார் 470 கிலோமீட்டர். அதே மிலானின் மால்பென்சா நிலையம் என்றால் 510. லினாத்தே நகரத்தை ஒட்டியே இருக்கிறது. மால்பென்சாவில் இறங்கினால் ஊருக்குள் வர இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போல ஆகும். டிக்கெட்டில் இரண்டிலும் 'மிலான்' என்றுதான் இருக்கும். டோக்கியோவில் நரிட்டாவும் அப்படித்தான், நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நியூயார்க்கும் மாட்ரிட்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, இரண்டும் 40 பாகையைத் தாண்டிக் கொஞ்சம். சுவர் வரைபடத்தில் நேராகக் கிழக்கே ஒரு கோடு போட்டால் வந்துவிடும். ஆனால் அந்தக் கோட்டின் வழியே போனால் சுமார் 5,940 கிலோமீட்டர். பூகோள உருண்டையில் இரண்டு ஊரிலும் விரலை வைத்து ஒரு நூலை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் தானாக வடக்கே வளைந்து, நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் ஏறி, திரும்ப ஸ்பெயினுக்கு இறங்கும். அந்த நூலின் நீளம் சுமார் 5,770 கிலோமீட்டர். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். விமானத்தின் திரையில் பாதை வில்லாக வளைந்து தெரிவதைப் பார்த்து "ஏன் சுற்றிப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவர்கள் சுற்றவில்லை, வரைபடம்தான் உருண்டையைத் தட்டையாக இழுத்து வைத்திருக்கிறது.

சரி, இப்போது சாலைக்கு வருவோம். சாலைத் தூரம் நேர்கோட்டைவிடப் பொதுவாக 1.2 முதல் 1.4 மடங்கு இருக்கும். ரோம் மிலானுக்கு 575ஐ 477ஆல் வகுத்தால் 1.2 வரும், நல்ல விகிதம். ஏ1 நெடுஞ்சாலை ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸ், அங்கிருந்து அப்பெனைன் மலையைக் கடந்து பொலோஞ்ஞா, அப்புறம் வடமேற்கே திரும்பி மிலான். மலையைக் கடக்கச் சுரங்கமும் பாலமுமாகக் கட்டியிருப்பதால்தான் இந்த அளவில் நிற்கிறது. சாலைகள் சதுரக் கட்டமாக இருக்கும் ஒரு ஊருக்குள் எல்லாத் திசைக்கும் சராசரி எடுத்தால் 1.27 வரும், மிக மோசமாக 1.41. ஆகவே நேர்கோட்டுத் தூரம் மட்டும் கையில் இருந்தால் 1.3ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். தோராயத்துக்கு அது போதும்.

நடுவில் தண்ணீரோ மலையோ எல்லையோ வந்துவிட்டால் அந்தப் பெருக்கல் செல்லாது. ஹெல்சின்கியும் தாலினும் பின்லாந்து வளைகுடாவின் எதிரெதிர்க் கரைகள், நடுவே சுமார் 80 கிலோமீட்டர். சாலையிலேயே போவேன் என்றால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழியாக வளைகுடாவைச் சுற்ற வேண்டும், 750 கிலோமீட்டர் போல வரும். ஒன்பது மடங்குக்கும் மேல்! 2023 கடைசியில் பின்லாந்து தன் கிழக்கு எல்லைச் சாவடிகளை மூடியபின் அந்த வழியும் அடைபட்டது. கப்பலில் காரை ஏற்றினால் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் அக்கரை. கின்ஷாசாவும் பிராசவில்லும் காங்கோ ஆற்றின் இரு கரைகளில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு தலைநகரங்கள், இடையே பாலமே கிடையாது. பனாமா நகரத்திலிருந்து பொகோட்டாவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். காரில் போகவே முடியாது, ஏனென்றால் இரு நாட்டு எல்லையில் உள்ள தாரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. பனாமா பொகோட்டா மாதிரி ஜோடிக்குச் சாலைத் தூரம் என்று ஒரு எண்ணைக் காட்டும் பக்கம் இருந்தால், அது நேர்கோட்டை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிப் போட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கத்தின் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம்.

நேர்மாறாக, ஒரு பாலம் இந்தக் கணக்கை ஒரே நாளில் மாற்றிவிடும். 2018இல் திறந்த ஹாங்காங் ஜூஹாய் மக்காவ் பாலம் 55 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் ஹாங்காங்கிலிருந்து ஜூஹாய்க்குச் சாலையில் போக, முத்து ஆற்றின் முகத்துவாரத்தைச் சுற்றிக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் ஆனது. இப்போது ஒரு மணி நேரத்துக்குள். நகரங்கள் நகரவில்லை, நேர்கோட்டுத் தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. நான் எப்போதும் தூரத்தைவிட நேரத்தைக் கேளுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

சாலை நேரத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "நெடுஞ்சாலையில் 100இல் போகலாம், 400 கிலோமீட்டர், நான்கு மணி நேரம்" என்று மனக்கணக்குப் போட்டுவிடுவார்கள். அண்மையில் 412 கிலோமீட்டர் நானே ஓட்டினேன், ஒவ்வொரு கட்டத்தையும் நோட்டில் குறித்தேன். வீட்டிலிருந்து நெடுஞ்சாலையைத் தொடும் வரை 19 கிலோமீட்டர், 52 நிமிடம். நெடுஞ்சாலையில் 360 கிலோமீட்டர், 4 மணி 17 நிமிடம். வேகமானியில் முள் பெரும்பாலும் 100ஐ ஒட்டியே இருந்தது, ஆனாலும் சராசரி 84தான் வந்தது. வேலை நடக்கும் இடங்கள், ஒரு லாரி இன்னொரு லாரியை முந்தக் காத்திருந்த நேரம் எல்லாம் சேர்ந்து இறக்கிவிட்டன. கடைசி 33 கிலோமீட்டர், 1 மணி 5 நிமிடம். நடுவில் எரிபொருளுக்கும் சாப்பாட்டுக்கும் கால் நீட்டவும் 50 நிமிடம். மொத்தம் 7 மணி 4 நிமிடம். சராசரி மணிக்கு 58 கிலோமீட்டர்! தொடக்கமும் முடிவும் சேர்ந்து வெறும் 52 கிலோமீட்டர், ஆனால் ஓட்டிய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை அவை தின்றுவிட்டன.

காரணம் எளிது. மெதுவாகப் போகும் கிலோமீட்டர்தான் நேரத்தை அதிகம் எடுக்கிறது. 250 கிலோமீட்டரை 100 வேகத்திலும் 50 கிலோமீட்டரை 25 வேகத்திலும் ஓட்டினால், முதலாவதுக்கு இரண்டரை மணி, இரண்டாவதுக்கு இரண்டு மணி. நெடுஞ்சாலையில் 100ஐ 120 ஆக்கினாலும் உங்களுக்கு மிச்சம் 25 நிமிடம்தான். அதே 25 நிமிடத்தை, காலையில் நெரிசல் தொடங்குமுன் கிளம்பினாலே எடுத்துவிடலாம். எந்த ஆபத்தும் இல்லாமல்.

வழிகாட்டிச் செயலிகள் காட்டும் நேரம் அந்த நிமிட நெரிசலை வைத்துச் சொல்லும். ஆனால் நீங்கள் நிறுத்தும் நேரத்தை அது சேர்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர்களுக்குச் சட்டமே உண்டு: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, வழக்கமான ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இந்த அளவு என்றால், எப்போதாவது நெடுந்தூரம் ஓட்டும் நமக்கு இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். செயலி 10 மணி நேரம் என்று காட்டினால், தனியாக ஓட்டுபவர் அதை ஒரு நாள் பயணம் என்று நினைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி விமானம். 35 நிமிடம் எப்படி வந்தது? 477ஐ மணிக்கு 820 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். அந்த வேகம் பொய்யல்ல. ஏ320, 737 போன்ற விமானங்கள் உயரத்தில் அந்த வேகத்தில்தான் பறக்கின்றன. ஆனால் அந்த வேகத்தில் பறக்கும் நேரம் குறுகிய பயணத்தில் ரொம்பக் கொஞ்சம். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. மேலே ஏற கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், இறங்க இருபது நிமிடம். ரோம் மிலான் மாதிரிப் பயணத்தில் இடுப்புப் பட்டை விளக்கு அணைந்த சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். காற்றின் திசையைப் பொறுத்து ஓடுபாதையை நோக்கிச் சுற்றி வர வேண்டியிருக்கும், முன்னால் வரிசை இருந்தால் வானில் வட்டமடிக்கவும் வைப்பார்கள்.

கால அட்டவணையில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம் என்பது கேட்டிலிருந்து கேட் வரை. சக்கரத்தின் கட்டையை எடுத்ததிலிருந்து, அங்கே போய் மறுபடி கட்டை வைக்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் உண்டு, வழக்கமான தாமதத்துக்கென்று சேர்க்கும் சில நிமிடமும் உண்டு. "இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டோமே" என்று வியப்பவர்கள் இதனால்தான் வியக்கிறார்கள். சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 705 கிலோமீட்டர். வகுத்தால் 50 நிமிடம் சொச்சம், அட்டவணையில் ஒன்றரை மணியை ஒட்டி. அதே ஜோடிக்குச் சாலையில் 880 கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம்.

நீண்ட பயணத்தில் ஏறி இறங்கும் நேரம் பெரிதாகத் தெரியாது. அங்கே ஆட்டத்தை மாற்றுவது காற்று. ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகக் காற்றோட்டம் உண்டு, விமானம் பறக்கும் உயரமும் அதுதான். அதனால்தான் லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி, திரும்பி வர 7 மணி அல்லது அதற்கும் குறைவு. 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஒலியின் வேகத்தைத் தாண்டும் விமானம் அல்ல, சாதாரண 747தான். தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தொட்டது.

போகும்போது காற்று கெடுத்தால் வரும்போது கொடுத்துவிடும், இரண்டும் சமம் என்று தோன்றும். அது அப்படியில்லை. 5,550 கிலோமீட்டரை 900 வேகத்தில் போய் வந்தால், காற்றே இல்லாதபோது மொத்தம் 12 மணி 20 நிமிடம். 150 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் ஒரு பக்கம் 5 மணி 17, மறுபக்கம் 7 மணி 24. கூட்டினால் 12 மணி 41. எதிர்காற்றில் நீங்கள் அதிக நேரம் இருக்கிறீர்கள், அதனால் இழப்புத்தான் எப்போதும் அதிகம்.

இதனால் நீண்ட பாதையே விரைவான பாதையாகவும் ஆகலாம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியாவின் டெல்லி சான் பிரான்சிஸ்கோ விமானம், அதுவரை போன அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகப் பறந்தது. சுமார் 1,400 கிலோமீட்டர் கூடுதல், மொத்தம் 15,000ஐத் தாண்டியது. ஆனால் முதுகில் காற்று இருந்ததால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிட இரண்டு மணி நேரம் குறைவு. தூரம் கூடி நேரம் குறைந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வான்வெளியும் எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்ஏர், துருவத்தின் மேலேயோ தெற்கே சுற்றியோ சுமார் 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. திபெத் பீடபூமியின் மேலும் பெரும்பாலான விமானங்கள் போவதில்லை. உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். கீழே தரையே அதைவிட உயரமாக இருந்தால் எங்கே இறங்குவது? நேர்கோட்டுக் கணக்கிக்கு இதெல்லாம் தெரியாது.

இப்போது காரா, விமானமா என்ற கேள்வி. வீட்டு வாசலிலிருந்து அந்த ஊரில் போக வேண்டிய வாசல் வரை கணக்கெடுங்கள். ரோம் மையத்திலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி முன்னதாகப் போய்ச் சேர்வது, பயணம் ஒன்றேகால் மணி, இறங்கி வெளியே வர 25 நிமிடம், லினாத்தேயிலிருந்து ஊருக்குள் இன்னொரு 25 நிமிடம். மொத்தம் 4 மணி 35 நிமிடம். காரில் ஓய்வோடு ஆறு ஆறரை மணி. விமானம் ஜெயிக்கிறது, ஆனால் 35 நிமிடமும் ஆறு மணியும் என்று தோன்றிய இடைவெளி இரண்டு மணிக்குள் சுருங்கிவிட்டது. மால்பென்சா என்றால் அந்த இடைவெளி இன்னும் அரை மணி குறையும். (அதிவேக ரயில் மையத்திலிருந்து மையத்துக்கு மூன்று மணி நேரம் சொச்சம். இந்த ஜோடிக்கு என்னைக் கேட்டால் ரயில்தான்.)

வேறு ஜோடிக்கு நீங்களே பார்க்க ஒரு தோராயம் தருகிறேன். விமானத்துக்குத் தரையிலும் ஏறி இறங்குவதிலும் போகும் நிலையான நேரம் நாலரை மணி என்று வையுங்கள், பறப்பதை மணிக்கு 800 என்று வையுங்கள். காரில் நிறுத்தங்களையும் சேர்த்துச் சராசரி 75 கிடைக்கும் நல்ல சாலை என்றால், 365 கிலோமீட்டர் சாலைத் தூரத்தில் காரும் விமானமும் சமம். சராசரி 50தான் கிடைக்கும் என்றால் 240 கிலோமீட்டருக்கு மேலேயே விமானம் முந்திவிடும். 100 கிடைத்தால் 500 வரை கார் தாக்குப்பிடிக்கும். சர்வதேசப் பயணம், இமிகிரேஷன், பெல்ட்டில் லக்கேஜ் என்று சேர்ந்தால் விமானத்தின் பக்கம் இன்னும் ஒன்றரை மணி கூட்டுங்கள். நாளுக்கு ஒரே விமானம்தான் என்றால், அதைப் பிடிக்கக் காத்திருக்கும் நேரமும் பயண நேரமே. நான்கு பேர், நிறையச் சாமான், போன இடத்திலும் வண்டி வேண்டும் என்றால், ஒரு மணி நேரம் கூடுதலானாலும் நான் காரைத்தான் சொல்வேன்.

கடைசியாக, டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் அப்படியே கழிக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். டோக்கியோவில் மாலை ஏறுபவர் லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலையிலோ மதியத்திலோ இறங்குவார், கழித்தால் எண் மைனஸில் வரும். இரண்டு நேரத்தையும் முதலில் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கழியுங்கள். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடாக இருந்தால், நீங்கள் பறக்கும் தேதியில் அங்கே எந்தக் கணக்கு நடக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.